போடும் முன் எடுப்பதையும் கேளுங்கள்: நீண்ட காலக் கருத்தடைக்கு ஒரு வழிகாட்டி

முதன்முதலாக ஒரு காப்பர் டியைக் கையில் வாங்கிப் பார்த்தபோது எனக்கு நம்பிக்கையே வரவில்லை. செவிலியர் மாதிரிக்காக வைத்திருந்ததை எடுத்து என் உள்ளங்கையில் வைத்தார். தீக்குச்சியை விடச் சற்றே குட்டையான வெள்ளைத் தண்டு. தலையில் இருபுறமும் நீட்டிய இரண்டு சிறு கைகள். தண்டைச் சுற்றி மெல்லிய செம்புக் கம்பி நெருக்கமாகச் சுற்றப்பட்டிருந்தது. அடியில் தூண்டில் நூல் போல இரண்டு இழைகள் தொங்கின. கைகளை விரலால் மடக்கினால் மடங்கின, விட்டால் நிமிர்ந்துகொண்டன. எடை என்று சொல்ல எதுவுமில்லை. இதுவா பத்து ஆண்டுகள் காக்கும் என்று கேட்டேன். காக்கும் என்றார்.

அவர் சொன்னது உண்மைதான். ஆனால் போடும்போது எப்படி வலிக்கும், அடுத்த ஆறு மாதத்துக்கு மாதவிடாய் எப்படி மாறும், ஒத்துக்கொள்ளாவிட்டால் யாரிடம் போய் எடுப்பது என்பதையெல்லாம் அன்று யாரும் எனக்குச் சொல்லவில்லை. எனக்கும் கேட்கத் தெரியவில்லை. ஏழு மாதம் கழித்துத்தான் கேட்கக் கற்றுக்கொண்டேன். நீங்கள் அவ்வளவு காத்திருக்க வேண்டாம் என்பதற்காகவே இதை எழுதுகிறேன். உங்கள் உடலைப் பரிசோதித்து முடிவு சொல்ல வேண்டியவர் மருத்துவர். அவர் முன்னால் உட்காரும்போது என்ன கேட்பது என்று தெரிந்து போங்கள்.

எவை நீண்ட காலக் கருத்தடை?

ஒருமுறை வைத்துவிட்டால் பல ஆண்டுகள் கருத்தரிப்பைத் தடுக்கும். எடுத்துவிட்டால் கருத்தரிக்கும் திறன் திரும்பிவிடும். இந்த இரண்டும் சேர்ந்தவைதான் இந்த வகை. கருப்பைக்குள் வைக்கும் காப்பர் டி, அதே இடத்தில் வைக்கும் ஹார்மோன் வளையம், கையின் தோலுக்கு அடியில் வைக்கும் இம்ப்ளான்ட் ஆகிய மூன்றும் இதில் அடங்கும். முதல் இரண்டையும் சேர்த்து வளையம் என்றே சொல்கிறேன். மூன்று மாதத்துக்கு ஒருமுறை போடும் ஹார்மோன் கருத்தடை ஊசியைப் பிரிட்டனின் வழிகாட்டுதல்கள் இவற்றோடு சேர்க்கின்றன. அமெரிக்க மகப்பேறு மருத்துவர்கள் பொதுவாகச் சேர்ப்பதில்லை. நானும் அதைச் சற்றுத் தள்ளியே வைப்பேன். காரணம் பின்னால் வருகிறது.

மாத்திரையை ஒரு நாள்கூடத் தவறாமல் சாப்பிடும் 1,000 பெண்களில் ஓராண்டில் மூன்று பேர்தான் கருத்தரிக்கிறார்கள். ஆனால் நாம் எல்லோரும் வழக்கமாகச் சாப்பிடுவதுபோல் சாப்பிட்டால் 100 பேரில் சுமார் ஏழு பேர் கருத்தரிக்கிறார்கள். ஆணுறையில் அது சுமார் 13. இந்த இடைவெளி முழுவதும் மறதியாலும் அலைச்சலாலும் அவசரத்தாலும் வருவது. காப்பர் டியிலும் ஹார்மோன் வளையத்திலும் 100க்கு ஒருவர்கூட இல்லை. இம்ப்ளான்ட்டில் 1,000க்கு ஒருவர் அளவுதான். மறப்பதற்கு எதுவுமில்லாததே இவற்றின் பலம்.

முதல் படி: உங்கள் மாதவிடாயிலிருந்து தொடங்குங்கள்

எது சிறந்தது என்று பலர் கேட்கிறார்கள். கருத்தரிப்பைத் தடுப்பதில் வளையங்களுக்கும் இம்ப்ளான்ட்டுக்கும் இடையே உள்ள வேறுபாடு, வாழ்க்கையில் உணரும் அளவுக்குப் பெரியதல்ல. உங்கள் மாதவிடாயை என்ன செய்யும் என்பதில்தான் மூன்றும் மூன்று திசையில் போகின்றன. பாதியிலேயே எடுத்துவிடும் பெண்களிடம் காரணம் கேட்டால் உதிரப்போக்கில் வந்த மாற்றம்தான் முன்வரிசையில் இருக்கும். எனக்கும் அதுவேதான் நடந்தது.

ஆகவே மருத்துவரைப் பார்ப்பதற்கு முன் ஒரு தாளில் கடைசி மூன்று மாதவிடாயைப் பற்றி எழுதுங்கள். எத்தனை நாள் வந்தது, அதிகம் போகும் நாளில் எத்தனை முறை நாப்கின் மாற்றினீர்கள், கட்டி கட்டியாக வந்ததா, வலி வேலையைக் கெடுத்ததா என்று. ரத்தசோகை என்று யாராவது சொல்லியிருந்தால் அதையும் குறியுங்கள். ஹீமோகுளோபின் பார்த்து வெகுநாள் ஆகியிருந்தால் பார்த்துவிடுங்கள். நான் இதைச் செய்யவில்லை. ஏற்கெனவே ஆறு நாள் கனமாகப் போகும் எனக்குக் காப்பர் டி போட்டார்கள். அது எட்டு நாளாயிற்று.

பிறகு உங்களையே இரண்டு கேள்வி கேட்டுக்கொள்ளுங்கள். மாதவிடாய் நின்றேபோனால் நிம்மதியாக இருக்குமா, பதற்றமாக இருக்குமா? எப்போது வரும் என்று தெரியாமல் சொட்டுச் சொட்டாக வந்தால் தாங்கிக்கொள்ள முடியுமா? இதில் சரியான பதில் என்று ஒன்றில்லை. ஆனால் பதில் தெரிந்துவிட்டால் தேர்வு பாதி முடிந்தது.

இரண்டாம் படி: ஒவ்வொன்றும் உள்ளே என்ன செய்கிறது

காப்பர் டியில் ஹார்மோன் கிடையாது. செம்பிலிருந்து கசியும் அயனிகள் விந்தணுவைச் செயலிழக்கச் செய்கின்றன. முட்டையைச் சந்திக்கும் முன்பே அது முடங்கிவிடுகிறது. 1960களில் வெறும் பிளாஸ்டிக்கால் டி வடிவில் செய்து பார்த்தபோது அது அவ்வளவாகப் பலன் தரவில்லை. செம்பு சேர்த்தால் பலன் பன்மடங்காகிறது என்று சிலி நாட்டு மருத்துவர் ஹைமே சிப்பர் கண்ட பிறகுதான் அது இன்றைய வடிவுக்கு வந்தது. 380 ஏ என்ற பெயரில் உள்ள எண், அதிலுள்ள செம்பின் பரப்பு 380 சதுர மில்லிமீட்டர் என்பதைக் குறிக்கிறது. அந்த வகை 10 ஆண்டுகள் வரை வேலை செய்யும்; 5 ஆண்டு வகைகளும் உண்டு. உங்களுக்கு வைப்பது எந்த வகை என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

காப்பர் டி வைத்த நிமிடத்திலிருந்தே காக்கும். பாதுகாப்பில்லாத உறவு நடந்து ஐந்து நாளுக்குள் வைத்தால் அந்தக் கருத்தரிப்பையும் தடுக்கும். அவசரக் கருத்தடையில் மாத்திரைகளை விட நம்பகமானது இதுதான். ஹார்மோன் ஒத்துக்கொள்ளாதவர்களுக்கும், ஹார்மோனே வேண்டாம் என்று முடிவு செய்தவர்களுக்கும் இது அருமையான வழி. குறை ஒன்றுதான், அது சிறியதல்ல: மாதவிடாய் கூடும். நாட்கள் நீளும், அளவு கூடும், அடிவயிற்றைப் பிடித்து இழுக்கும். பலருக்கு மூன்று முதல் ஆறு மாதத்தில் அடங்கும், சிலருக்கு அடங்காது. ஏற்கெனவே கனமாகப் போகிறவர்களும் ரத்தசோகை உள்ளவர்களும் வேறொன்றை முதலில் யோசிப்பது நல்லது.

ஹார்மோன் வளையம் பார்வைக்குக் காப்பர் டியின் தங்கைதான். செம்புக்குப் பதில் தண்டில் லெவோநார்ஜெஸ்ட்ரல் என்ற ஹார்மோன் இருக்கும். தினமும் துளித் துளியாகக் கசியும். கருப்பை வாயிலுள்ள சளி கெட்டியாகி விந்தணு நுழைய முடியாமல் அடைபடும். கருப்பையின் உட்சுவர் மெலிந்துபோகும். 52 மில்லிகிராம் வகை, தயாரிப்பைப் பொறுத்தும் நாட்டின் அனுமதியைப் பொறுத்தும் 5 முதல் 8 ஆண்டுகள் வரை நீடிக்கும். சிறிய அளவுகளில் 3 ஆண்டு, 5 ஆண்டு வகைகள் உண்டு.

முதல் மூன்று நான்கு மாதங்கள் ஒழுங்கில்லாமல் சொட்டும். பொறுத்திருந்தால் உதிரப்போக்கு மளமளவென்று குறையும். ஓராண்டு முடிவில் 52 மில்லிகிராம் வகையைப் பயன்படுத்தும் ஐந்து பேரில் ஒருவருக்கு மாதவிடாயே வருவதில்லை. அதிக உதிரப்போக்குக்கு மருந்தாகவே மருத்துவர்கள் இதை வைக்கிறார்கள் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். இங்கே ஒரு பயத்தைத் தீர்த்துவிட வேண்டும். வராத ரத்தம் உள்ளே தங்கிக் கெட்டுப்போகும் என்று பலர் அஞ்சுகிறார்கள். எதுவும் தங்குவதில்லை. மாதந்தோறும் தடித்து உதிரும் அந்த உட்சுவர் தடிக்கவே இல்லை, உதிர்வதற்கு ஒன்றுமில்லை. சிலருக்கு முகப்பரு, மார்பக வலி, தலைவலி, மனநிலை மாற்றம் வரலாம். பெரும்பாலும் முதல் சில மாதங்களில் தணியும். தணியாவிட்டால் பொறுத்துக்கொண்டே இருக்க வேண்டியதில்லை.

இம்ப்ளான்ட் கருப்பையின் பக்கமே போவதில்லை. நான்கு சென்டிமீட்டர் நீளம், இரண்டு மில்லிமீட்டர் தடிமன் கொண்ட, ஹார்மோன் கசியும், வளையக்கூடிய குச்சி அது. மேல்கையின் உட்புறத்தில், அதிகம் பயன்படுத்தாத கையில், தோலுக்கு அடியில் வைப்பார்கள். ஒற்றைக் குச்சி வகைக்கு 3 ஆண்டு என்பது பழகிய கணக்கு. 5 ஆண்டு வரை பலன் இருப்பதை ஆய்வுகள் காட்டுகின்றன. இரட்டைக் குச்சி வகை 5 ஆண்டு. என் தோழி ஒருத்தி வைத்திருக்கிறாள். கையை நீட்டி, "தொட்டுப் பார்" என்றாள். கண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லை. விரலை அழுத்தி ஓட்டியபோது தோலுக்குள் ஒரு தீக்குச்சி உருள்வதுபோல் தட்டுப்பட்டது. அப்படித் தட்டுப்பட வேண்டும். தட்டுப்படாவிட்டால் ஆழமாகப் போயிருக்கிறது என்று பொருள், உடனே காட்ட வேண்டும்.

இடுப்புக்குக் கீழ்ப் பரிசோதனை என்றாலே உடல் இறுகிப்போகிறவர்களுக்கு இம்ப்ளான்ட் பெரிய விடுதலை. ஆனால் உதிரப்போக்கு எப்படிப் போகும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது. சிலருக்கு நின்றுவிடும், சிலருக்கு எப்போதாவது வரும், சிலருக்கு வாரக்கணக்கில் சொட்டிக்கொண்டே இருக்கும். பத்தில் ஒருவர் இந்தக் காரணத்துக்காகவே எடுத்துவிடுகிறார். இன்னொன்று: காசநோய்க்கான ரிஃபாம்பிசின், வலிப்புக்கான கார்பமசெபைன், ஃபெனிட்டாயின், எச்.ஐ.வி. மருந்துகளில் எஃபாவிரென்ஸ் ஆகியவை இதன் ஹார்மோனைக் கல்லீரலில் வேகமாகச் சிதைத்துவிடும், பலன் குறைந்துவிடும். நீங்கள் சாப்பிடும் எல்லா மருந்தையும், மூலிகை உட்பட, சொல்லிவிடுங்கள்.

ஊசியைத் தள்ளி வைப்பேன் என்றேன். நூற்றில் சுமார் நான்கு பேர் ஓராண்டில் கருத்தரிக்கிறார்கள். பெரும்பாலும் அடுத்த ஊசியைத் தள்ளிப்போடுவதால். இன்னும் முக்கியமானது, போட்டுவிட்ட ஊசியைத் திரும்ப எடுக்க முடியாது. ஒத்துக்கொள்ளாவிட்டால் அது கரையும் வரை காத்திருக்க வேண்டும். நிறுத்திய பிறகு கருத்தரிக்கும் திறன் திரும்பச் சராசரியாகப் பத்து மாதம் போல ஆகும். எடை கூடலாம். எலும்பின் அடர்த்தி குறையும். நிறுத்திய பின் பெருமளவு மீளும். உடலில் எந்தப் பொருளும் வைக்க வேண்டாம், யார் கண்ணிலும் படக்கூடாது என்பவர்களுக்கு இது பொருத்தமானதே. ஓராண்டுக்குள் குழந்தை வேண்டும் என்பவர்களுக்கு அல்ல.

நான்கில் எதுவும் எச்.ஐ.வி.யையோ பால்வினை நோய்களையோ தடுக்காது. அந்தக் கவலை இருந்தால் ஆணுறையும் சேர்ந்தே வேண்டும்.

மூன்றாம் படி: கேட்காவிட்டாலும் சொல்ல வேண்டியவை

காரணம் தெரியாத உதிரப்போக்கு, தற்போதுள்ள இடுப்புக்குழி நோய்த்தொற்று, சிகிச்சை எடுக்காத பால்வினை நோய், கருப்பையின் உட்குழிவை உருமாற்றும் நார்க்கட்டி, கருப்பை அல்லது கருப்பை வாய்ப் புற்றுநோய் இருந்தால் வளையம் வைக்கக்கூடாது. முதலில் அதைப் பார்க்க வேண்டும். உடலில் செம்பு தேங்கும் வில்சன் நோய் உள்ளவர்களுக்குக் காப்பர் டி வேண்டாம். மார்பகப் புற்றுநோய் இருந்தால் ஹார்மோன் உள்ள எதுவும் வேண்டாம். கடுமையான கல்லீரல் நோயும் அப்படியே. கர்ப்பம் இல்லை என்பதை உறுதி செய்வது எல்லாவற்றுக்கும் முன்.

இதற்கு நேர்மாறாக, தடையே இல்லாதவர்கள் பலர் தங்களுக்கு முடியாது என்று நினைத்திருக்கிறார்கள். குழந்தை பெறாதவர் வளையம் வைக்கலாம். இருபது வயது ஆகாதவர் வைக்கலாம். தாய்ப்பால் கொடுப்பவர் வைக்கலாம். முன்பு கருக்குழாயில் கரு தங்கியவர், பழைய தொற்று குணமானவர், சிசேரியன் ஆனவர், எல்லோரும் வைக்கலாம். குழந்தை பெற்றவருக்குத்தான் வளையம் என்று யாராவது சொன்னால் அது பழைய காலத்துப் பேச்சு.

பழைய காலம் என்றதும் நினைவுக்கு வருகிறது. வளையம் போட்டால் கர்ப்பப்பை கெட்டுவிடும் என்ற பயத்துக்கு ஒரு வரலாறு உண்டு. 1970களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் டால்கன் ஷீல்டு என்ற ஒரு வளையம் விற்றது. அதன் நூல், பல இழைகளை ஓர் உறைக்குள் அடைத்துச் செய்தது. கிருமிகள் அந்த இழைகளின் இடைவெளி வழியாகத் திரி ஏறும் எண்ணெய்போல் கருப்பைக்குள் ஏறின. பெண்கள் கடும் நோய்த்தொற்றுக்கு ஆளானார்கள், சிலர் இறந்தார்கள். 1974இல் விற்பனை நின்றது. இன்றைய வளையங்களின் நூல் ஒற்றை இழை. கிருமி ஏற இடைவெளி இல்லை. வைத்த முதல் மூன்று வாரத்தில் தொற்று அபாயம் சற்றே கூடுதல். அதன் பிறகு மற்றவர்களைப் போலத்தான். பெரியவர்களின் பயம் வெறும் கட்டுக்கதை அல்ல என்பதால்தான் இதைச் சொன்னேன். அவர்கள் பயந்த பொருள் இன்று இல்லை.

நான்காம் படி: எந்த நாளில் போவது

மாதவிடாய் நாளில்தான் போட வேண்டும் என்று கட்டாயமில்லை. கர்ப்பமில்லை என்பது நிச்சயமானால் எந்த நாளும் சரி. காப்பர் டிக்கு எந்த நாளில் வைத்தாலும் உடனடிப் பலன். ஹார்மோன் வளையத்தையும் ஊசியையும் மாதவிடாய் தொடங்கி ஏழு நாளுக்குள், ஒற்றைக் குச்சி இம்ப்ளான்ட்டை ஐந்து நாளுக்குள் வைத்தால் உடனே பலன். வேறு நாளில் வைத்தால் அடுத்த ஏழு நாள் ஆணுறை வேண்டும். பிரசவம் ஆன 48 மணி நேரத்துக்குள்ளோ நான்கு வாரம் கழித்தோ வளையம் வைக்கலாம். பிரசவம் ஆன உடனே வைத்தால் நழுவி வெளியே வரும் வாய்ப்பு கூடுதல். ஆனால் இன்னொரு முறை அலைய வேண்டாம். எது உங்களுக்கு ஏற்றது என்பதைப் பிரசவ வலியின் நடுவில் முடிவு செய்ய வேண்டாம், முன்பே பேசி வைத்துவிடுங்கள்.

ஐந்தாம் படி: வளையம் போடும் நாள்

சாப்பிட்டுவிட்டுப் போங்கள். வெறும் வயிற்றில் போனால் மயக்கம் வரும் வாய்ப்பு கூடும். முடிந்தால் துணைக்கு ஒருவரை அழைத்துப் போங்கள்.

முதலில் கையுறை அணிந்து விரலால் பரிசோதித்துக் கருப்பை எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்று பார்ப்பார்கள். பிறகு ஸ்பெகுலம் வைத்துப் பிறப்புறுப்பை விரித்துக் கருப்பை வாயை மருந்தால் துடைப்பார்கள். அது குளிர்ச்சியாக இருக்கும், வலிக்காது. வலி மூன்று இடத்தில் வரும். கருப்பை வாயை அசையாமல் பிடிக்க ஒரு கவ்வியை மாட்டும்போது சுருக்கென்று ஒரு கடி. ஆழம் அளக்க மெல்லிய கோலை உள்ளே விடும்போது அடிவயிற்றின் நடுவில் ஒரு பிடிப்பு. வளையத்தை விடும்போது அதைவிடப் பெரிய பிடிப்பு. எனக்கு அந்த மூன்றாவது பிடிப்பு முதுகுத்தண்டு வரை போயிற்று. காதில் ரீங்காரம் கேட்டு வியர்த்துவிட்டது. பத்து நிமிடம் படுத்திருந்தேன், சரியாயிற்று. சிலருக்கு ஒன்றுமே தெரிவதில்லை. சிலருக்குத் தாங்க முடிவதில்லை. குழந்தை பெறாதவர்களுக்குப் பொதுவாகக் கூடுதலாக வலிக்கும்.

"கொஞ்சம் அழுத்தம் தெரியும், அவ்வளவுதான்" என்று சொல்லி முடித்துவிடுபவர்கள் இருக்கிறார்கள். அதை ஏற்றுக்கொள்ளாதீர்கள். வலியைப் பற்றி முன்கூட்டியே பேச வேண்டும், குறைக்கும் வழிகளைச் சொல்ல வேண்டும் என்று அமெரிக்காவின் நோய்க் கட்டுப்பாட்டு மையம் 2024இல் வெளியிட்ட வழிகாட்டுதலிலேயே இருக்கிறது. லிடோகைன் மரப்பு மருந்தைக் கருப்பை வாயைச் சுற்றி ஊசியாகப் போடலாம், மேலே தடவலாம். இப்யூபுரூஃபன் மாத்திரை, வைக்கும் நேர வலியை அவ்வளவாகக் குறைக்காது. பின்னால் வரும் பிடிப்புக்கு உதவும். "வலி தெரிந்தால் நிறுத்துங்கள் என்று சொல்வேன், நிறுத்துவீர்களா?" என்று படுப்பதற்கு முன்பே கேளுங்கள். அந்த ஒரு கேள்விக்கு வரும் பதிலே அவர் கையில் உங்களை ஒப்படைக்கலாமா என்பதைச் சொல்லிவிடும்.

எல்லாம் சேர்ந்து பத்து நிமிடத்துக்குள் முடியும். கடைசியில் நூலை மூன்று சென்டிமீட்டர் அளவு விட்டு வெட்டுவார்கள். அதன் நீளத்தையும், வளையத்தின் வகையையும், வைத்த தேதியையும், எடுக்க வேண்டிய ஆண்டையும் எழுதித் தரச் சொல்லிப் படமெடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பத்து ஆண்டு கழித்துத் தாள் இருக்காது.

இம்ப்ளான்ட் இதைவிட எளிது. மரப்பூசி போடும்போது சுருக்கென்று குத்தும். பிறகு அழுத்தம் மட்டும் தெரியும். ஒரு நாள் இறுக்கக் கட்டு, அதன் பிறகு சில நாள் சிறிய கட்டு. கை நீலம் பாரித்துப் பின் மாறும். எழுவதற்கு முன் நீங்களும் தொட்டுக் குச்சி இருப்பதை உறுதி செய்துகொள்ளுங்கள்.

ஆறாம் படி: முதல் மூன்று மாதம்

வளையம் வைத்த அன்றும் மறுநாளும் மாதவிடாய் வலி போல இருக்கும். வெந்நீர்ப் பை நன்றாகக் கேட்கும். இருபது பேரில் ஒருவருக்கு வளையம் நழுவி வெளியே வந்துவிடுகிறது. பெரும்பாலும் முதல் மூன்று மாதத்தில், மாதவிடாயின்போது. அதனால் நாப்கினைக் கவனியுங்கள். மாதவிடாய்க் கோப்பை பயன்படுத்துகிறவர்கள் முதலில் மருத்துவரிடம் சொல்லுங்கள். வெளியே எடுக்கும்போது அடிப்பகுதியை அழுக்கிக் காற்றை உள்ளே விடாமல் அப்படியே இழுத்தால் வளையமும் கூட வரலாம்.

மாதம் ஒருமுறை, மாதவிடாய் முடிந்ததும் நூலைத் தொட்டுப் பார்க்கலாம். கையைக் கழுவிவிட்டுக் குத்துக்காலிட்டு உட்காருங்கள். நடுவிரலை உள்ளே விட்டால் மூக்கின் நுனி போல விறைப்பாக ஒரு மேடு தட்டுப்படும். அதுதான் கருப்பை வாய். அதன் நடுவிலிருந்து நூல் முனை வந்திருக்கும். இருந்தால் சரி, இழுக்காதீர்கள். நூல் தட்டுப்படாவிட்டாலோ, கெட்டியான பிளாஸ்டிக் முனை தட்டுப்பட்டாலோ மருத்துவர் பார்க்கும் வரை ஆணுறை பயன்படுத்துங்கள். பல நேரம் நூல் மேலே சுருண்டிருக்கும், அவ்வளவுதான். ஸ்கேன் எடுத்தால் தெரிந்துவிடும். தொட்டுப் பார்க்கக் கூசுகிறது என்றால் விட்டுவிடுங்கள். முதல் மாதவிடாய்க்குப் பின், மூன்று முதல் ஆறு வாரத்துக்குள் ஒருமுறை மருத்துவரிடம் காட்டுங்கள்.

துணைவருக்கு நூல் குத்துகிறது என்றால் நீங்களாக வெட்ட முயல வேண்டாம். நாளாக நாளாக அது மென்மையாகும். இல்லாவிட்டால் மருத்துவர் சரி செய்து தருவார்.

உடனே போக வேண்டிய நேரங்கள்

காய்ச்சல், நாற்றமுள்ள வெள்ளைப்படுதல், நடக்கவிடாத அடிவயிற்று வலி: இவற்றில் எது வந்தாலும் அன்றே போங்கள். ஆயிரத்தில் ஓரிருவருக்கு வளையம் வைக்கும்போது கருப்பைச் சுவரைத் துளைத்துவிடுவது உண்டு. தாய்ப்பால் கொடுக்கும் காலத்தில் அந்த வாய்ப்பு சற்றுக் கூடுதல். ஒழுங்காக வந்துகொண்டிருந்த மாதவிடாய் காப்பர் டி இருக்கும்போது தள்ளிப்போனால் கர்ப்பப் பரிசோதனை செய்யுங்கள். வளையம் இருந்தும் கர்ப்பமானால் அது கருப்பைக்கு வெளியே கருக்குழாயில் தங்கியிருக்கும் வாய்ப்பு அதிகம். ஒரு பக்க அடிவயிற்று வலியும் மயக்கமும் தோள்பட்டை வலியும் சேர்ந்து வந்தால் ஒரு மணி நேரம்கூடத் தாமதிக்க வேண்டாம். இம்ப்ளான்ட் உள்ளவர்கள் வைத்த இடம் சிவந்து வீங்கிச் சீழ் கோத்தாலோ, குச்சி கையில் தட்டுப்படாமல் போனாலோ போக வேண்டும்.

கடைசிப் படி, ஆனால் முதல் நாளே கேட்க வேண்டியது

எடுப்பது உங்கள் உரிமை. பத்து ஆண்டு என்பது அதிகபட்சக் கெடு. பத்து ஆண்டும் சுமந்தே தீர வேண்டும் என்ற ஒப்பந்தம் அல்ல. நான் மூன்று முறை போய்க் கேட்டேன். மூன்று முறையும் "இன்னும் கொஞ்சம் பொறுத்துப் பாருங்கள்" என்று மாத்திரை எழுதித் திருப்பி அனுப்பினார்கள். நல்லெண்ணத்தில் சொல்லியிருக்கலாம். ஆனால் நான்காவது மாதமே சோர்ந்து, மாடிப்படி ஏற மூச்சு வாங்கியவள் நான். வேறொரு மருத்துவர் என் கண்ணின் கீழ் இமையை இழுத்துப் பார்த்தார், வெளுத்திருந்தது. அன்றே எடுத்துவிட்டார்.

அதனால் போடும் முன்பே கேளுங்கள்: "எனக்கு வேண்டாம் என்று தோன்றினால் இங்கேயே எடுத்துத் தருவீர்களா? காரணம் கேட்டுத் திருப்பி அனுப்புவீர்களா?" இம்ப்ளான்ட் என்றால் எடுக்கத் தெரிந்தவர் அங்கே இருக்கிறாரா என்பதும் முக்கியம். வைப்பதற்கு ஒரு நிமிடம் போதும்; எடுப்பதற்கு மரப்பூசி போட்டு, இரண்டு மூன்று மில்லிமீட்டர் கீறி, குச்சியின் முனையைத் தள்ளி வெளியே எடுக்கும் கைப்பழக்கம் வேண்டும். வளையத்தை நீங்களே இழுத்து எடுக்க முயல வேண்டாம். மருத்துவருக்கு அது எளிய வேலை. நூலை இடுக்கியால் பிடித்து மெல்ல இழுத்தால் கைகள் மேல்நோக்கி மடங்கி வந்துவிடும்.

குழந்தை வேண்டும் என்று எடுப்பவர்கள் அந்த மாதமே முயலலாம். வளையத்துக்கும் இம்ப்ளான்ட்டுக்கும் காத்திருப்பு கிடையாது. குழந்தை வேண்டாம், ஆனால் எடுக்க வேண்டும் என்பவர்கள் அதற்கு முந்தைய ஏழு நாள் ஆணுறை பயன்படுத்துங்கள். விந்தணு ஐந்து நாள்வரை உள்ளே உயிரோடு இருக்கும். காவலை எடுத்த மறுநாள் அது முட்டையைச் சந்தித்துவிடக்கூடும். ஒன்றை எடுத்த அதே நேரத்தில் இன்னொன்றை வைத்துக்கொள்ளவும் முடியும்.

என்னுடையதை எடுத்தபோது இருமச் சொன்னார். இருமினேன். ஒரு சின்னப் பிடிப்பு, முடிந்துவிட்டது. தட்டில் கிடந்ததைக் காட்டினார். பளபளத்த செம்பு கறுத்திருந்தது. அன்றைக்கு அந்தத் தாளை எழுதினேன்: ஆறு நாள், எட்டு நாள், எத்தனை நாப்கின் என்று. அதைப் படித்துவிட்டு ஹார்மோன் வளையத்தைப் பற்றிச் சொன்னார். ரத்தம் ஏறட்டும் என்று இரண்டு மாதம் இரும்புச்சத்து மாத்திரை சாப்பிட்டேன், அதுவரை ஆணுறை. பிறகு போய் வைத்துக்கொண்டேன், இந்த முறை லிடோகைன் கேட்டு வாங்கி.